வியாழக்கிழமை மோகனம்

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
மிக்ஸி ஜார்களுக்கும் துருவேறிய திருப்புளிகளுக்கும் நடுவே
மல்லாந்து கிடந்தது.
ஆயிரத்து எண்ணூறு என்றான். ஓடுமா என்றேன்.
"மாட்டிப் பாருங்க, சுவத்தப் பொறுத்தது."

பொய்யில்லை.
செல்லூரில் என் சுவரில் மாட்டியதும் நொண்டியது:
டிக், டக்டிக். டக்டிக்.
பெட்டியின் அடியை ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்தினேன்.
கால் கூடி நடந்தது.

ஊசல்தான் ஓட்டுகிறது என்று நினைத்திருந்தேன்.
ஓட்டுவது சுருள்வில்.
ஊசல் சும்மா ஆடி ஒரு கொக்கியைத் தூக்குகிறது.
ஒரு பல் தப்புகிறது, அடுத்தது மாட்டிக்கொள்கிறது.
தப்பும் பல் போகிற போக்கில்
ஊசலை லேசாய்த் தள்ளிவிட்டுப் போகும்.
அவ்வளவுதான் அதன் கூலி.

முகத்தில் மூன்று சாவித் துளை.
நடுவில் நடை, இடப்பக்கம் மணி, வலப்பக்கம் பாட்டு.

ரத்த வங்கியில் இரவு வேலை எனக்கு.
பகலில் தூங்குகிறவள் வாங்குகிற பொருளா இது என்றாள்
தங்கை எமரன்சியா.
காலுக்கு நான்கு சுரம், அரைக்கு எட்டு,
முக்காலுக்குப் பன்னிரண்டு, முழு மணிக்குப் பதினாறு,
அப்புறம்தான் எண்ணிக்கை.
வெளியே கேட்டால் கச்சேரி.
உள்ளே முள் வைத்த ஓர் உருளை, அதில் ஐந்தே வரி.
மணிக்கு இரண்டு சுற்று சுற்றி
அந்த ஐந்தையே வேறு வேறு இடத்தில் நறுக்கித் தருகிறது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு இன்னாசி கதவைத் தட்டினார்.
பேண்டு செட்டில் கிளாரினெட்.
சண்டைக்குத்தான் என்று தலையை அள்ளி முடிந்துகொண்டு போனேன்.

"உங்க கடிகாரத்துல 'த' இல்லம்மா."

என்ன?

"க ரி ஸ, கீழ 'ப'. மணிக்கு ஸ க ரி ப.
மோகனம் வருது வருதுன்னு உக்காந்திருக்கேன்,
தைவதத்த மட்டும் தர மாட்டேங்குது.
கால் மணிக்கு ஒருக்கா ஏமாத்துனா
மனுசன் எப்படிம்மா தூங்குறது?"

சீமையில் ஏதோ கோபுரத்துக்குக் கட்டிய மெட்டு என்றேன்.
"நாலு மணி வாங்கத்தான் காசு இருந்திருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து சுவருக்கு அப்பால்
அவரே அதைச் செருகிப் பார்த்தார்.
நான் சாவி கொடுப்பது ஞாயிறு.
திங்களன்று பாட்டு பறக்கும்.
நகத்தளவு தகடொன்று விசிறியாய்ச் சுழன்று
காற்றில் மோதி வேகத்தைப் பிடிக்கத்தான் செய்கிறது,
ஆனாலும் வில் தளர்ந்தால் தளர்ந்ததுதான்.
சனிக்கிழமை அதே பாட்டு தத்தனேரி போகும்.
அவருடைய 'த' வார ஆரம்பத்தில் பிந்தியது,
கடைசியில் முந்தியது.
வியாழன் மட்டும் சரியாக இடையில் உட்கார்ந்தது.

சித்திரை வெயிலில் ஊசல் தண்டு நீண்டு
வாரத்துக்கு அரை நிமிடம் தாமதம்.
குண்டுக்கு அடியில் திருகை ஏற்றினேன்.
ஒருநாள் நான்கு மணிக்கு ஐந்து அடித்தது.
அடிக்கிற சக்கரம் முள்ளைப் பார்ப்பதில்லை,
தன் பள்ளங்களைத்தான் எண்ணுகிறது,
எண்ணியதைத் தயங்காமல் சொல்கிறது.
அன்றிரவு ரத்தக் குழாய்களின் சீட்டுகளை
மூன்றாவது முறையும் பார்த்தேன்.

மணிக்கு மூன்று நிமிடம் முன்னால்
உள்ளே 'களுக்' என்று ஒரு சத்தம் வரும்.
பூட்டு விலகி, சக்கரம் கொஞ்சம் உருண்டு,
ஒரு முளையில் முட்டி நிற்கும்.
இனி தடுக்க ஒன்றுதான் பாக்கி.

இன்று வியாழன். மதியம் இரண்டு ஐம்பத்தேழு.
கரண்டு போய் விசைத்தறிகள் எல்லாம் நின்றிருக்கின்றன.

களுக்.

சுவருக்கு அப்பால் இன்னாசி
ரீடை நாக்கில் நனைப்பது கேட்கிறது.